கேட்கக் கூடாத வினாவும் கேட்க வேண்டிய வினாவும்: அமெரிக்க அரசுப் பள்ளிகளில் குடியேறியோர் குழந்தைகளின் கல்வி உரிமை

ஆய்வுச் சுருக்கம்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் குழந்தைகள், தம் குடியேற்ற நிலை எதுவாயினும், அரசுப் பள்ளியில் கட்டணமின்றிக் கற்கும் உரிமை உடையவர்கள். 1982ஆம் ஆண்டின் பிளைலர் எதிர் டோ தீர்ப்பு இவ்வுரிமைக்கு அடிப்படையாகும். 1974ஆம் ஆண்டின் லாவ் எதிர் நிக்கல்ஸ் தீர்ப்பு, ஆங்கிலம் அறியாத குழந்தைக்கும் பாடம் விளங்கச் செய்யும் கடமையைப் பள்ளியின்மீது சுமத்துகிறது. முதல் உரிமை, பள்ளி ஒரு வினாவைக் கேளாதிருப்பதால் நடைமுறையில் நிலைபெறுகிறது. இரண்டாவது உரிமை, பள்ளி வேறொரு வினாவைத் தவறாமல் கேட்பதால் நிலைபெறுகிறது. இவ்விரு வினாக்களும் ஒரே சேர்க்கை மேசையில் சந்திக்கின்றன என்பதையும், பெற்றோரின் நம்பிக்கை குலையும்போது இரண்டு உரிமைகளும் ஒருங்கே வலுவிழக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடியேறியோர் கல்வி, சமப் பாதுகாப்பு, பிளைலர் தீர்ப்பு, லாவ் தீர்ப்பு, இல்ல மொழிப் படிவம், பெற்றோர் உரிமை.

முன்னுரை

கல்வி உரிமை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அரசியலமைப்பு விதிகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மையமாகக் கொண்டு அமைகின்றன. ஆயினும் ஒரு குடும்பம் அவ்வுரிமையை முதன்முதலில் எதிர்கொள்ளும் இடம் நீதிமன்றம் அன்று. பள்ளி அலுவலகத்தின் சேர்க்கை மேசையே ஆகும். அங்கு நீட்டப்படும் படிவத்தில் எவ்வினாக்கள் உள்ளன, எவ்வினாக்கள் இல்லை என்பது அக்குழந்தை பள்ளிக்குள் நுழையுமா என்பதைத் தீர்மானிக்கக் கூடும். அமெரிக்காவில் குடியேறியோர் குழந்தைகளின் கல்வி உரிமை இதற்குத் தெளிவான சான்றாக விளங்குகிறது. அவ்வுரிமை உருவான வரலாறு, அதன் சட்ட எல்லை, நடைமுறையில் அது செயல்படும் முறை, அண்மையில் அது சந்திக்கும் நெருக்கடி ஆகியன இங்கு முறையே ஆராயப்படுகின்றன.

1. டைலர் நகர வழக்கு

1975ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலம் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. நாட்டிற்குள் சட்டப்படி அனுமதிக்கப்படாத குழந்தைகளின் கல்விக்கு மாநில நிதி வழங்கப்படாது என்றும், அத்தகைய குழந்தைகளைச் சேர்க்க மறுக்கும் அதிகாரம் பள்ளி மாவட்டங்களுக்கு உண்டு என்றும் அத்திருத்தம் கூறியது. அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பே பள்ளி மாவட்டம் எனப்படுகிறது. கிழக்கு டெக்சஸில் உள்ள டைலர் நகரப் பள்ளி மாவட்டம், 1977இல் இத்தகைய குழந்தை ஒவ்வொன்றிற்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்தது. அங்கு வாழ்ந்த மெக்சிக்கத் தொழிலாளர் குடும்பங்களால் அத்தொகையைச் செலுத்த இயலவில்லை. குழந்தைகள் வீட்டிலேயே நின்றனர்.

அமெரிக்க மெக்சிக்கர் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியம் என்னும் அமைப்பின் வழக்கறிஞர்கள் அக்குடும்பங்களின் சார்பில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை அணுகினர். பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலர் எதிர்வாதியானார். பெற்றோர் தம் உண்மைப் பெயரை வெளியிட்டால் நாடு கடத்தப்படும் அபாயம் இருந்தது. ஆகவே நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ், அவர்கள் ‘டோ’ என்னும் புனைபெயரில் வழக்காட இசைந்தார். விசாரணையும் மக்கள் நடமாட்டம் தொடங்கு முன்னரே, விடியற்காலையில் வைக்கப்பட்டது. அன்றே நாடு கடத்தப்படக் கூடும் என்றஞ்சித் தம் உடைமைகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டே அக்குடும்பத்தினர் நீதிமன்றத்திற்கு வந்தனர்.

இவ்வழக்கின் தலைப்பிலேயே அதன் உட்பொருள் அடங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது. ‘டோ’ என்பது எவரையும் சுட்டாத பெயர். உரிமை கோரி வந்தவர்களை, அவர்கள் யார் என்று வெளிப்படையாகக் கேளாமல் நீதிமன்றம் செவிமடுத்தது. பின்னாளில் பள்ளிகள் கைக்கொள்ள வேண்டியிருந்த நெறிக்கு இதுவே முன்னோடி எனலாம்.

2. தீர்ப்பின் தருக்கமும் எல்லையும்

மாவட்ட நீதிமன்றமும் ஐந்தாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றமும் குடும்பங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. 1982 ஜூன் 15 அன்று உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்னும் மிகக் குறுகிய பெரும்பான்மையில் அமைந்தது. நீதிபதி வில்லியம் பிரெனன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார்.

அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் 1868இல் ஏற்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஆட்சி எல்லைக்குள் இருக்கும் எந்த ‘நபருக்கும்’ சட்டத்தின் சமப் பாதுகாப்பை அம்மாநிலம் மறுத்தலாகாது என்பது அதன் ஒரு கூறு. அங்கே ‘குடிமகன்’ என்னும் சொல் ஆளப்படவில்லை. சட்டத்திற்குப் புறம்பாக நாட்டிற்குள் வந்தவரும் ‘நபரே’ என்னும் நிலைப்பாட்டில் பிரெனனின் வாதம் தொடங்குகிறது. பெற்றோரின் செயலுக்குக் குழந்தை பொறுப்பாகாது என்பது அவ்வாதத்தின் இரண்டாம் படி. எழுத்தறிவற்ற ஒரு நிரந்தர அடித்தட்டு உருவானால் அதன் சுமையைச் சமூகம் முழுவதும் ஏற்க நேரிடும் என்பது மூன்றாம் படி.

ஆயினும் இத்தீர்ப்பின் எல்லையை உணர்தல் வேண்டும். 1973ஆம் ஆண்டின் சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம் எதிர் ரோட்ரிகெஸ் வழக்கில், கல்வி கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என உச்சநீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. பிளைலர் தீர்ப்பு அதனை மாற்றவில்லை. கல்வி ஏனைய அரசு நலன்களுள் ஒன்றாக மட்டும் கருதத்தக்கதன்று என்ற இடைநிலையிலேயே அது நின்றது. தலைமை நீதிபதி வாரன் பர்கரும் ஏனைய மூவரும் மாறுபட்டனர். குழந்தைகளைக் கல்லாதவர்களாக விடுவது அறிவுடைய கொள்கை அன்று என்பதைப் பர்கரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தவறான கொள்கையைத் திருத்துவது நீதிமன்றத்தின் வேலை அன்று என்பது அவர்தம் கருத்து. தீர்ப்பை எதிர்ப்போர் இன்றும் இவ்வாதத்தையே முன்வைக்கின்றனர்.

தீர்ப்பின் வரம்பு மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிக் கல்விக்கே உரியது. உயர்கல்வி அதற்குள் அடங்காது. மாணவர் விசாவான எஃப்-1 வகையில் வருவோருக்கும் தனி விதி உண்டு. அவர்கள் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர இயலாது. உயர்நிலைப் பள்ளியில் 12 மாதங்களுக்கு மிகாமல், முழுச் செலவையும் செலுத்தியே பயில இயலும்.

வழக்கில் தோற்ற ஜேம்ஸ் பிளைலரே பிற்காலத்தில் அத்தோல்வி நன்மையாக முடிந்தது என ஏற்றுக்கொண்டார் என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

3. கேட்கக் கூடாத வினா

குழந்தையின் குடியேற்ற நிலையைப் பள்ளி கேட்கக் கூடாது என்று பிளைலர் தீர்ப்பு நேரடியாகக் கூறவில்லை. சேர்க்கையை மறுத்தலாகாது என்பதே தீர்ப்பின் கூற்று. எனினும், கேட்கப்படும் என்னும் அச்சமே குடும்பத்தைப் பள்ளி வாயிலிலிருந்து திருப்பி அனுப்பிவிடும். கூட்டாட்சி நீதித்துறையும் கல்வித்துறையும் 2011இலும் 2014இலும் பள்ளி மாவட்டங்களுக்கு விடுத்த வழிகாட்டு மடல்கள் இதனைத் தெளிவுபடுத்தின. குழந்தைகள் சேர்வதைத் தடுக்கும் அல்லது அவர்களைத் தயங்கச் செய்யும் எந்நடைமுறையும் தீர்ப்பிற்கு முரணானது என்பது அம்மடல்களின் சாரம்.

பள்ளி எதைக் கேட்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. குழந்தை அப்பள்ளி மாவட்டத்தில் வாழ்வதற்குச் சான்று கேட்கலாம். உண்மையான வசிப்பிடத்தை நிபந்தனையாக்குவதை 1983இல் மார்ட்டினெஸ் எதிர் பைனம் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவை இதற்குப் போதும். வயதிற்குச் சான்று கேட்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் வேறு நாட்டினது என்பதால் சேர்க்கையை மறுத்தலாகாது. சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தருவது பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்ததே. எண் இல்லாமை தடையாகாது. பள்ளி மதிய உணவுத் திட்டத்திற்கான விண்ணப்பத்திலும், அவ்வெண் இல்லாத பெற்றோர் ‘இல்லை’ எனக் குறிக்க இடம் உண்டு. குடியேற்ற நிலை அச்சலுகைக்குத் தகுதியாகவோ தடையாகவோ கொள்ளப்படுவதில்லை.

நிலையான வீடின்றி உறவினருடனோ தங்குமிடங்களிலோ வாழும் குழந்தைகளுக்கு 1987ஆம் ஆண்டின் மெக்கினி-வென்டோ சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. ஆவணங்கள் இல்லையெனினும் அவர்களை உடனடியாகச் சேர்க்க வேண்டும். ஆவணங்களைப் பின்னர்த் திரட்டலாம். வறுமையால் ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் நெருக்கி வாழும் நிலையும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குவதால், புதிதாகக் குடியேறிய பலருக்கு இது துணையாகிறது.

வினாவே தடையாக மாறும் என்பதற்கு அலபாமா மாநிலம் சான்றாகிறது. அங்கு 2011இல் இயற்றப்பட்ட எச்.பி. 56 என்னும் சட்டத்தின் 28ஆம் பிரிவு, புதிதாகச் சேரும் மாணவர்களின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு அவர்களின் குடியேற்ற நிலையைப் பள்ளிகள் கண்டறிய வேண்டும் எனப் பணித்தது. எக்குழந்தையையும் சேர்க்க மறுக்கும்படி அச்சட்டம் கூறவில்லை. தரவு திரட்டுவதே நோக்கம் என மாநில அரசு வாதிட்டது. ஆனால் 2011 செப்டம்பர் இறுதியில் அப்பிரிவு நடைமுறைக்கு வந்த உடனேயே, இலத்தீன் அமெரிக்கப் பின்புலம் கொண்ட மாணவர்களின் வருகை குறைந்தது. முன்னரே சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அப்பிரிவு பொருந்தாது எனினும் அவர்களும் பள்ளிக்கு வராது நின்றனர். அக்டோபரில் பதினொன்றாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிவிற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2012 ஆகஸ்டில் அது பிளைலர் தீர்ப்பு அளித்த உரிமையில் குறுக்கிடுகிறது எனக் கூறிச் செல்லாது என அறிவித்தது. கேட்பதும் மறுப்பதும் வேறு வேறு என்ற வாதம் இவ்வாறு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

4. கேட்க வேண்டிய வினா

பள்ளிக்குள் அமர்ந்த குழந்தைக்கு ஆசிரியர் பேசுவது விளங்கவில்லையெனில், இருக்கை கிடைத்ததனால் பயனில்லை. இச்சிக்கல் பிளைலர் வழக்கிற்கு எட்டாண்டுகள் முன்னரே சான் பிரான்சிஸ்கோவில் எழுந்தது. அந்நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர் ஏறத்தாழ 2,800 பேர் இருந்தனர். அவர்களுள் சுமார் 1,000 பேருக்கே கூடுதல் ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. எஞ்சிய 1,800 பேர் விளங்காத மொழியில் விளங்காத பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

அனைவருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பாடநூல், ஒரே பாடத்திட்டம் என்பதே சமத்துவம் எனப் பள்ளி மாவட்டம் வாதிட்டது. 1974 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இவ்வாதத்தை ஒருமனதாகப் புறக்கணித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு அரசியலமைப்பைச் சாராமல், 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியைச் சார்ந்து நின்றது. கூட்டாட்சி நிதி பெறும் நிறுவனங்கள் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதை அப்பகுதி தடுக்கிறது. ஒரே வகையாக நடத்துதல் சம வாய்ப்பளித்தல் ஆகாது என்பது இத்தீர்ப்பின் பங்களிப்பு. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சமக் கல்வி வாய்ப்புகள் சட்டம், மொழித் தடையை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை நேரடியாகவே விதித்தது.

எது தக்க நடவடிக்கை என்பதற்கு 1981இல் ஐந்தாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் கஸ்டன்யேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் மூன்று அளவுகோல்களை வகுத்தது. மொழித் திட்டம் கல்வியாளர் ஏற்கும் கோட்பாட்டில் அமைந்திருத்தல் வேண்டும். போதிய ஆசிரியரும் வளமும் கொண்டு செயல்படுத்தப்படுதல் வேண்டும். உரிய காலத்திற்குப் பின் பயன் விளைந்ததா எனச் சோதித்துத் திருத்தப்படுதல் வேண்டும். இவற்றுள் இரண்டாம் அளவுகோலே நடைமுறையில் கடினமானது. திட்டம் ஏட்டில் சிறப்பாக இருந்தும், பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத இடங்களில் மாணவர் ஒரு மூலையில் உதவியாளருடன் அமர்த்தப்படுவது உண்டு.

உதவி வேண்டிய மாணவரைப் பள்ளி எவ்வாறு இனங்காண்கிறது? இங்குதான் கேட்க வேண்டிய வினா எழுகிறது. சேர்க்கையின்போது பெற்றோரிடம் இல்ல மொழிப் படிவம் அளிக்கப்படுகிறது. குழந்தை முதலில் கற்ற மொழி எது, மிகுதியாகப் பேசும் மொழி எது, வீட்டில் பேசப்படும் மொழி எது என்பன அதன் வழக்கமான வினாக்கள். ஆங்கிலம் அல்லாத மொழி குறிக்கப்பட்டால், குழந்தைக்கு ஆங்கிலத் தகுதித் தேர்வு நடத்தப்படுகிறது. தேர்வின் முடிவே உதவி வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. படிவத்தின் விடை மட்டும் தீர்மானிப்பதில்லை. குறிப்பிட்ட திட்டம் வேண்டா எனப் பெற்றோர் மறுக்கவும் உரிமை உண்டு. அவ்வாறு மறுத்தாலும், அக்குழந்தைக்குப் பாடம் விளங்கச் செய்யும் பள்ளியின் கடமை நீங்குவதில்லை.

தமிழ்க் குடும்பங்களும் இப்படிவத்தை நிரப்புகின்றன. எச்-1பி பணி விசாவில் இருப்போரின் பிள்ளைகள் எச்-4 சார்பு விசாவில் அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். ‘தமிழ்’ என எழுதினால் பிள்ளை பின்தங்கிய மாணவராகக் கருதப்படும் என அஞ்சி ‘ஆங்கிலம்’ என எழுதும் பெற்றோர் உண்டு. ஆங்கிலம் நன்கறிந்த குழந்தை தகுதித் தேர்வில் தேறிப் பொது வகுப்பிலேயே தொடரும் என்பதால் இவ்வச்சம் பெரும்பாலும் தேவையற்றது. மாறாக, உதவி வேண்டிய குழந்தை தவறான விடையால் அதனை இழக்கிறது. அத்துடன், பள்ளி மாவட்டத்தின் மொழிக் கணக்கிலிருந்தும் தமிழ் மறைந்துபோகிறது. எம்மொழிகளில் அறிவிப்புகளை வெளியிடுவது என்பது அத்தகைய கணக்குகளைக் கொண்டே திட்டமிடப்படுகிறது.

5. பெற்றோரின் இடம்

பெற்றோருக்கும் மொழி உரிமை உண்டு. சேர்க்கை, ஒழுங்கு நடவடிக்கை, மதிப்பெண் அறிக்கை, சிறப்புக் கல்வி ஆகியவை குறித்த செய்திகளைப் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் அளிக்கும் கடமை குடியுரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியிலிருந்து பெறப்படுகிறது. தகுதி வாய்ந்த உரைபெயர்ப்பாளரைப் பள்ளியே கட்டணமின்றி ஏற்பாடு செய்தல் வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தில் பெற்றோருக்கு நடப்பது விளங்குவதை உறுதி செய்யுமாறு சிறப்புக் கல்வி விதிகளும் தனியே வலியுறுத்துகின்றன.

மாணவரையே உரைபெயர்ப்பாளராக அமர்த்தலாகாது என்பது வழிகாட்டு நெறி. தன்மீது கூறப்படும் குற்றச்சாட்டைத் தானே பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் சிறுவனின் நிலையை எண்ணினால் இதன் நியாயம் விளங்கும். அவன் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கூறலாம். அதைவிட, குடும்பத்தில் மூத்தோர்க்குரிய இடம் அவ்வறையில் தலைகீழாகிறது.

பெற்றோர் அளித்த செய்தி எங்குச் செல்கிறது என்பது அடுத்த வினா. 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம், பெற்றோரின் இசைவின்றி மாணவர் பதிவுகளைப் பள்ளி வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் அதில் ஓர் இடைவெளி உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றைப் ‘பட்டியல் தகவல்’ என அறிவித்து, மறுப்புத் தெரிவிக்கப் பெற்றோருக்கு வாய்ப்பளித்த பின் பள்ளி வெளியிடலாம். பிறந்த இடமும் அவ்வகையுள் அடங்கும் எனக் கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் மறுப்புப் படிவத்தை மொழி அறியாத பெற்றோர் நிரப்பாது விட்டால், இப்பாதுகாப்பு அவர்களுக்குப் பயன்படாது. மொழி உரிமையும் தனியுரிமையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை இதனால் அறியலாம்.

6. அண்மைக்கால நெருக்கடி

பிளைலர் தீர்ப்பை அகற்றும் முயற்சிகள் புதியன அல்ல. 1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்ற 187ஆம் முன்மொழிவு, ஆவணமற்ற குழந்தைகளைப் பள்ளியிலிருந்து விலக்க முயன்றது. நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2022இல் டெக்சஸ் ஆளுநர் கிரெக் அபட், தீர்ப்பை மீண்டும் வழக்கிற்கு உட்படுத்தும் எண்ணத்தை வெளியிட்டார். 2025 ஏப்ரலில் டென்னசி மாநில மேலவை, பள்ளிகள் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கவும் சேர்க்கையை மறுக்கவும் வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. அவ்வாண்டுக் கூட்டத்தொடரில் கீழவை அதனை நிறைவேற்றவில்லை.

கூட்டாட்சி அரசின் அணுகுமுறையும் மாறியது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் குடியேற்றக் கைது நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்திய நெறிமுறை 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. ஆங்கிலம் கற்கும் மாணவரின் உரிமைகள் குறித்து 2015இல் வெளியான விரிவான வழிகாட்டு மடல் 2025இல் திரும்பப் பெறப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் சட்டத்தை மாற்றவில்லை. பிளைலர், லாவ் தீர்ப்புகளும் 1974ஆம் ஆண்டுச் சட்டங்களும் நடைமுறையில் உள்ளன. சட்டத்தை அன்றாட நடைமுறைக்குப் பெயர்த்துக் கூறும் இடைநிலை ஏடுகளே அகற்றப்பட்டன.

இதனால் பொறுப்பு உள்ளாட்சி நிலைக்கு இறங்குகிறது. பள்ளியின் உட்பகுதிக்குள் அலுவலர் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட ஆணை வேண்டும் எனப் பல பள்ளி மாவட்டங்கள் தம் ஊழியருக்கு அறிவுறுத்தியுள்ளன. 2025 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களைப் பள்ளி நிர்வாகத்தினர் உள்ளே அனுமதிக்கவில்லை. இத்தகைய பயிற்சி இல்லாத பள்ளியில், அலுவலக எழுத்தர் ஒருவரின் அறியாமையே ஓர் உரிமையைச் செயலற்றதாக்கிவிடக் கூடும்.

முடிவுரை

குடியேறியோர் குழந்தைகளின் கல்வி உரிமை இரண்டு வினாக்களைச் சார்ந்து நிற்கிறது. ‘நீ எந்நிலையில் இந்நாட்டில் இருக்கிறாய்’ எனப் பள்ளி கேளாதிருத்தல் வேண்டும். ‘உன் வீட்டில் எம்மொழி பேசப்படுகிறது’ என அதே பள்ளி கேட்டாதல் வேண்டும். முதல் வினா கேட்கப்படும் என்னும் அச்சம் பரவும்போது, இரண்டாம் வினாவிற்கு உண்மையான விடை கிடைப்பதில்லை. வேற்று மொழியைக் குறிப்பிடுவதே தம்மை அடையாளம் காட்டிவிடும் என எண்ணும் பெற்றோர் ‘ஆங்கிலம்’ என எழுதிவிட்டு அமைதியாவர். அக்குழந்தை வகுப்பில் இருக்கும்; உதவி பெறாது. லாவ் தீர்ப்பு அகற்ற முயன்ற நிலை, எச்சட்டமும் மாறாமலேயே திரும்பி வந்துவிடும்.

ஆகவே இவ்வுரிமையை ஆராய்வோர் தீர்ப்புகளை மட்டுமன்றிச் சேர்க்கைப் படிவம், இல்ல மொழிப் படிவம், பட்டியல் தகவல் மறுப்புப் படிவம் ஆகிய மூன்றையும் ஆய்வு மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இல்ல மொழிப் படிவத்தில் அளிக்கும் விடைகள் குறித்த கள ஆய்வு, புலம்பெயர்ந்தோர் மொழிப் பேணல் பற்றிய தமிழாய்வுக்கும் பயன் தரும்.